ஓட்டோ ரோஹ்ம்: டேனரில ஆரம்பிச்சு அக்ரிலிக் ஷீட் வரைக்கும் போன கெமிஸ்ட்

கடை போர்டுக்கு அக்ரிலிக் லெட்டர் வைக்கலாமான்னு கேக்கறோம், ஸ்வெட்டர் லேபிள்ல அக்ரிலிக்னு போட்டிருக்கு, பெயிண்ட் கடைல அக்ரிலிக் எமல்ஷன்னு தர்றாங்க, பல் டாக்டர் அக்ரிலிக் செட் கட்டிக்கோங்கங்கறாரு. இது எல்லாம் ஒரே சாமான்தான்னு நெறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, இன்னும் சில பேர் கண்ணாடி மாதிரி இருக்கற எந்த பிளாஸ்டிக்கையும் அக்ரிலிக்னுதான் சொல்றாங்க, சில ஊர்ல அதையே ஃபைபர்னும் சொல்றாங்க. இன்னொரு பக்கம் வாஷிங் பவுடர் பாக்கெட்ல என்சைம் இருக்குன்னு பார்த்துட்டு அது ஏதோ உயிருள்ள கிருமின்னு பயப்படறவங்களும் இருக்காங்க.

இந்த ரெண்டு விஷயத்தையும் தனித்தனியா விளக்கறதை விட ஒரு மனுஷனோட வாழ்க்கையை சொன்னா சுலபமா புரிஞ்சிடும்னு எனக்கு தோணுது. அவரு பேரு ஓட்டோ ரோஹ்ம், ஜெர்மனிக்காரர், கெமிஸ்ட், தொழிலதிபர். என்சைமை ஃபேக்டரி சரக்கா மாத்தினதுலயும் முன்னாடி நின்னவரு, அக்ரிலிக் ஷீட்டை மார்க்கெட்டுக்கு கொண்டு வந்ததும் இவரோட கம்பெனிதான். மேலாக பார்த்தா சம்பந்தமே இல்லாத ரெண்டு தொழில் மாதிரி தெரியும், ஆனா உள்ள போய் பார்த்தா ஒண்ணு நீளமான மூலக்கூறை வெட்டற வேலை, இன்னொண்ணு குட்டி மூலக்கூறை நீளமா கோக்கற வேலை, அவ்வளவுதான்.

யார் இந்த ரோஹ்ம்?

1876-ல தெற்கு ஜெர்மனில ஓரிங்கன்ங்கற சின்ன ஊர்ல பொறந்தாரு. மொதல்ல மருந்துக்கடை வேலை கத்துக்கிட்டு அப்புறம் கெமிஸ்ட்ரி படிக்க போனாரு. 1901-ல ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கினாரு, அதுக்கு எடுத்துக்கிட்ட தலைப்பு அக்ரிலிக் அமிலத்துல இருந்து வர்ற கெட்டியான, பிசின் மாதிரியான பொருள்கள். அந்த காலத்துல அந்த மாதிரி பிசுபிசுப்பான சரக்கு குடுவைல வந்தா பெரும்பாலான கெமிஸ்ட்டுங்க சோதனை கெட்டுப்போச்சுன்னு கழுவி ஊத்திடுவாங்க, ஏன்னா அவங்க தேடினது சுத்தமான படிகம். இவரு அந்த பிசினையே ஆராய்ச்சியா எடுத்தாரு. இந்த 1901-ங்கற வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, அதுல இருந்து முழுசா பலன் வர முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

படிப்பு முடிஞ்சு கொஞ்ச நாள் டார்ம்ஸ்டாட்ல மெர்க் கம்பெனில இருந்தாரு, அப்புறம் ஸ்டுட்கார்ட் நகர கேஸ் ஃபேக்டரிக்கு வேலைக்கு போனாரு. அங்கதான் தோல் பக்கம் கவனம் திரும்புச்சு.

தோலுக்கும் நாய்க் கழிவுக்கும் என்ன சம்பந்தம்?

பச்சைத் தோல் டேனரிக்கு, அதாவது தோல் பதனிடற ஃபேக்டரிக்கு, வந்ததும் ஊற வச்சு கழுவி சுண்ணாம்புத் தண்ணில போடுவாங்க. சுண்ணாம்பு முடியை தளர்த்தும், தோலையும் உப்ப வச்சிடும். முடியை சுரண்டி எடுத்ததுக்கு அப்புறம் கைல தூக்கிப் பார்த்தா அந்த தோல் ரப்பர் மாதிரி விறைப்பா, வழுக்கிட்டு இருக்கும். இதை அப்படியே பதம் பண்ணா வர்ற லெதர் மொரமொரன்னு இருக்கும், கையுறைக்கோ நல்ல ஷூவோட மேல்பாகத்துக்கோ ஆகாது. அதனால சுண்ணாம்பை எடுக்கணும், கூடவே தோலோட நார்களுக்கு நடுவுல அடைச்சுட்டு இருக்கற வேண்டாத புரதங்களையும் எடுக்கணும்.

அதுக்கு ஐரோப்பால பல நூறு வருஷமா பயன்படுத்தினது நாய்க் கழிவு, சில இடத்துல புறா, கோழி எச்சம். வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு தோலை அதுல ஊற வைப்பாங்க. லண்டன்ல தெருத்தெருவா நாய்க் கழிவு பொறுக்கி டேனரிக்கு விக்கறதே ஒரு பிழைப்பா இருந்துச்சு. நாத்தம், நோய் பயம் எல்லாம் ஒரு பக்கம், தொழில்காரனுக்கு அதை விட பெரிய தலைவலி சரக்கு ஒரே மாதிரி இருக்காது, ஒரு நாள் தோல் சரியா மெதுவாகும், ஒரு நாள் ஆகாது, இன்னொரு நாள் ஓவரா போய் தோலே கெட்டுப்போகும்.

ரோஹ்ம் மொதல்ல இது சுண்ணாம்பை எடுக்கற ரசாயன விஷயம் மட்டும்தான்னு நெனச்சாரு. கேஸ் ஃபேக்டரில கழிவா வர்ற தண்ணில அம்மோனியா உப்புங்க இருக்கும், அதை வச்சு ஒரு சரக்கு தயார் பண்ணாரு. சுண்ணாம்பு போச்சு, ஆனா தோல் மெதுவாகல. அப்போ கழிவுல வேற ஏதோ வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு போச்சு. அது என்னன்னு யோசிச்சு அவர் வந்து சேர்ந்த பதில்தான் என்சைம்.

என்சைம்னா என்ன? உயிரா?

என்சைம்னா, தமிழ்ல நொதி, உயிருள்ள உடம்பு உண்டாக்கற ஒரு புரதம், அது ஒரு குறிப்பிட்ட ரசாயன வேலையை பல மடங்கு வேகமா நடக்க வைக்கும், ஆனா அந்த வேலைல தான் செலவாகாது. உயிர் உண்டாக்கினதுதானே தவிர அதுக்கு தனியா உயிர் கிடையாது. அது சாப்பிடாது, பெருகாது, பரவாது. இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறிட்டா வாஷிங் பவுடர் பயம் பாதி போயிடும்.

இதை தெளிவா நிரூபிச்சவரு எட்வர்ட் புக்னர்ங்கற இன்னொரு ஜெர்மன் கெமிஸ்ட். 1897-ல ஈஸ்ட் செல்லுங்களை நசுக்கி சாறு எடுத்து, உயிருள்ள செல் இல்லாத அந்த சாறே சர்க்கரையை நொதிக்க வைக்குதுன்னு காட்டினாரு. அதுக்கு 1907-ல நோபல் பரிசு வந்துச்சு. ரோஹ்ம் இதே வழில யோசிச்சாரு. நாய்க் கழிவுல தோலை மெதுவாக்கறது வயித்துல இருந்து வெளியே வந்த செரிமான என்சைமா இருந்தா, அதை கழிவுல தேடறதுக்கு பதிலா நேரா அது சுரக்கற இடத்துலயே எடுத்துக்கலாமேன்னு. அந்த இடம் கணையம். கசாப்புக் கூடத்துல வேண்டாம்னு கழிச்சுப் போடற கணையத்தை வாங்கி அதுல இருந்து என்சைம் எடுத்து அம்மோனியா உப்போட கலந்தாரு. உப்பு சுண்ணாம்பை பார்த்துக்கிச்சு, என்சைம் புரதத்தை பார்த்துக்கிச்சு.

இதுல வெட்டற வேலை எங்க வருது? புரதம்ங்கறது அமினோ அமிலம்ங்கற சின்ன துண்டுங்க வரிசையா கோத்த ஒரு நீளமான சங்கிலி. கணையத்துல இருக்கற ட்ரிப்சின்ங்கற என்சைம் அந்த சங்கிலியை நடுநடுவுல வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு சின்னதா இருக்கறதால தண்ணில கரைஞ்சு வெளிய போயிடும். தோலோட முக்கியமான நார் கொலாஜன், அதுவும் புரதம்தான், ஆனா அது இறுக்கமா முறுக்கின கயிறு மாதிரி இருக்கறதால ட்ரிப்சின் அதை சுலபத்துல தொட முடியாது. அதனால நார் மிஞ்சும், நடுவுல இருக்கற அடைசல் போகும், தோல் மெதுவாகும். நேரமும் சூடும் அளவு தாண்டாம இருக்கணும், அவ்வளவுதான்.

சரக்குக்கு ஓரோபோன்னு பேர் வச்சாரு. 1907 செப்டம்பர்ல எஸ்லிங்கன்ங்கற ஊர்ல நண்பர் ஓட்டோ ஹாஸோட சேர்ந்து ரோஹ்ம் அண்ட் ஹாஸ் கம்பெனியை ஆரம்பிச்சாரு. ஹாஸ் கெமிஸ்ட் இல்ல, வியாபாரம் தெரிஞ்சவரு. 1909-ல கம்பெனி டார்ம்ஸ்டாட்டுக்கு மாறுச்சு, சுத்துவட்டாரத்துல தோல் தொழில் பெருசா இருந்ததும் வசதியா போச்சு. அதே வருஷம் ஹாஸ் அமெரிக்கா போய் ஃபிலடெல்ஃபியால கிளை தொடங்கினாரு, அது பின்னாடி தனிக் கம்பெனியாவே வளர்ந்து 2009-ல டவ் கம்பெனி கைக்கு போச்சு. இன்னைக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டேனரில தோலை மெதுவாக்க டிரம்ல போடறது என்சைம் பவுடர்தான், இப்ப நெறைய ரகம் பாக்டீரியால இருந்து எடுக்கறாங்க, ஆனா வழி ரோஹ்ம் போட்ட வழி.

இதே என்சைமை துணிக்கும் கொண்டு போனாரு. ரத்தக் கறை, பால் கறை, முட்டைக் கறை, வேர்வை இதுல எல்லாம் புரதம் இருக்கு, சோப்பு எண்ணெயை எடுக்கற மாதிரி புரதத்தை எடுக்காது, சூடு தண்ணி ஊத்தினா புரதம் வெந்து துணிலயே பிடிச்சுக்கும். 1914-ல பர்னஸ்னு ஒரு சரக்கு வந்துச்சு, சலவை சோடாவோட கணைய என்சைம் கலந்தது, என்சைம் போட்ட முதல் சலவை சரக்கு இதுதான். ஒரு குறை இருந்துச்சு, சலவைத் தண்ணில இருக்கற காரத்துல கணைய என்சைம் ரொம்ப நேரம் தாங்காது. காரத்தைத் தாங்கற பாக்டீரியா என்சைம் 1960-கள்ல பெரிய அளவுல வந்ததுக்கு அப்புறம்தான் இது வீட்டுக்கு வீடு போச்சு. பட்டும் கம்பளியும் கூட புரதம்தாங்கறதால அதுக்கு என்சைம் பவுடர் போடாதீங்கன்னு பாக்கெட்ல எழுதறதுக்கு காரணமும் இப்ப புரிஞ்சிருக்கும்.

இதுவரைக்கும் பார்த்தது இவ்வளவு: புரதம் ஒரு நீளச் சங்கிலி, என்சைம் அதை வெட்டற உயிரில்லாத கருவி, ரோஹ்மோட முதல் காசு இந்த வெட்டற வேலைல வந்துச்சு. அந்த காசுதான் அடுத்த வேலைக்கு சோறு போட்டுச்சு.

இப்ப கோக்கற வேலை: பாலிமர்

சின்ன மூலக்கூறுங்க ஆயிரக்கணக்குல கை கோத்து ஒரே நீளச் சங்கிலியா ஆனா அதுக்கு பாலிமர்னு பேரு. கோக்கறதுக்கு முன்னாடி தனித்தனியா இருக்கற அந்த சின்ன மூலக்கூறு மோனோமர்.

எப்படி கோக்குதுன்னு புரிய ஸ்கூல் கிரவுண்டை நெனச்சுக்கோங்க. நெறைய பசங்க கையை கட்டிக்கிட்டு தனித்தனியா நிக்கறாங்க. கையை கட்டிட்டு இருக்கற வரைக்கும் யாரும் யாரையும் பிடிக்க முடியாது. வெளில இருந்து ஒருத்தன் ஓடி வந்து ஒரு பையனோட ஒரு கையை பிடிச்சு இழுக்கறான். கட்டு பிரிஞ்சுது, அவனோட இன்னொரு கை இப்ப சும்மா இருக்கு. அவன் அந்த கையால பக்கத்து பையனை இழுக்கறான், அவன் கட்டும் பிரியுது, அவன் அடுத்தவனை இழுக்கறான். கொஞ்ச நேரத்துல கிரவுண்டு பூரா ஒரே வரிசை. கடைசில ரெண்டு வரிசையோட நுனிப் பசங்க ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா ஆட்டம் நின்னுடும்.

நிஜத்துல கட்டின கைங்கறது ரெண்டு கார்பன் அணுவுக்கு நடுவுல இருக்கற இரட்டைப் பிணைப்பு. ஓடி வந்தவன் தொடக்கி, அதாவது சூட்டுலயோ வெளிச்சத்துலயோ உடைஞ்சு இந்த ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கற பொருள், கொஞ்சூண்டு போதும். இரட்டைப் பிணைப்புல ஒண்ணு திறந்து அடுத்த மோனோமரோட சேர்ந்துக்குது. ஒவ்வொரு தடவை சேரும்போதும் சூடு வெளிய வரும், மூலக்கூறுங்க நெருங்கறதால மொத்த சரக்கும் சுருங்கும். இந்த சூடும் சுருக்கமும்தான் பின்னாடி ஃபேக்டரில ரோஹ்ம் ஆளுங்களை படாதபாடு படுத்துச்சு.

இதை இன்னைக்கும் நேர்ல பார்க்கலாம், பல்செட் செய்யற லேபுக்கு போனா போதும். ஒரு சின்ன கிண்ணத்துல பிங்க் கலர் பவுடர் போட்டு மேல தண்ணி மாதிரி இருக்கற ஒரு திரவத்தை ஊத்துவாங்க, மூக்கை துளைக்கற ஒரு காட்டமான வாசனை வரும். பவுடர் ஏற்கனவே கோத்து முடிஞ்ச பாலிமர், கூடவே கொஞ்சம் தொடக்கி. திரவம் மோனோமர், பேரு மெத்தில் மெத்தாக்ரிலேட். மொதல்ல ஈர மணல் மாதிரி இருக்கும், அப்புறம் குச்சியால தொட்டா நூல் நூலா இழுக்கும், கடைசில கைல ஒட்டாத மாவு பதத்துக்கு வரும், அந்த பதத்துல அச்சுல அழுத்தி வெந்நீர்ல வைப்பாங்க. சூட்டை நிதானமா ஏத்தணும், அவசரப்பட்டா உள்ள இருக்கற மோனோமர் கொதிச்சு குமிழ் குமிழா நின்னுடும், செட் வீணா போயிடும். மோனோமர் பாட்டில் ஏன் பழுப்பு கலர்ல இருக்குன்னா வெளிச்சம் பட்டா தானாவே கோக்க ஆரம்பிச்சிடும், அதைத் தடுக்க ஒரு தடுப்பு மருந்தும் கொஞ்சம் கலந்துதான் விக்கறாங்க.

1901-ல இருந்து 1933 வரைக்கும் என்ன நடந்துச்சு?

அக்ரிலிக் கண்ணாடியை தற்செயலா கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு கதை சுத்திட்டு இருக்கு. ஜன்னலோரம் வச்ச மோனோமர் பாட்டில் வெயில் பட்டு உள்ளேயே கெட்டியாகி வெடிச்சு, உடைஞ்ச பாட்டிலுக்குள்ள பளபளன்னு ஒரு கட்டி கெடந்துச்சாம். மேல பார்த்த வேதியியல் படி நடக்கக்கூடியதுதான். ஆனா இதை மட்டும் சொல்லி முடிச்சா அதிர்ஷ்டத்துல கெடைச்சதுன்னு ஆயிடுது, அது ரோஹ்முக்கு செய்யற அநியாயம்.

அவரு 1911 வாக்குல, என்சைம் வியாபாரம் நிமிர்ந்ததுமே, தன்னோட பழைய ஆராய்ச்சிக்கு திரும்பிட்டாரு. மொதல்ல ரப்பருக்கு மாத்தா அக்ரிலேட், அதாவது அக்ரிலிக் அமிலத்துல இருந்து வர்ற மோனோமர், அதோட பாலிமரை கொண்டு வர முடியுமான்னு பார்த்து காப்புரிமையும் வாங்கினாரு. முதல் உலகப் போர் வந்து எல்லாத்தையும் தள்ளிப் போட்டுச்சு. 1920-கள்ல வால்டர் பவுவர்ங்கற கெமிஸ்ட்டோட சேர்ந்து மறுபடி ஆரம்பிச்சாங்க. இத்தனைக்கும் பாலிமர்னா நீளச் சங்கிலிங்கற கருத்தையே ஸ்டாவ்டிங்கர்ங்கற ஜெர்மன் கெமிஸ்ட் 1920-லதான் சொல்லி, பல கெமிஸ்ட்டுங்க அதை ஏத்துக்காம சண்டை போட்டுட்டு இருந்த காலம் அது. சங்கிலின்னே யாருக்கும் உறுதியா தெரியாதப்பவே அதை வச்சு சரக்கு செய்ய உக்காந்தவரு ரோஹ்ம்.

1928-ல லுக்லாஸ்னு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வந்துச்சு, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மெத்துன்னு இருக்கற அக்ரிலேட் பாலிமர், கார் கண்ணாடி உடைஞ்சாலும் சில்லு செதறாது. அடுத்து அதே இடத்துல மெத்தாக்ரிலேட்டை, பல்செட் லேப்ல பார்த்தோமே அந்த திரவத்தை, வச்சுப் பார்த்தாங்க. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மோனோமரை ஊத்தி கெட்டியாக விட்டா, அது கண்ணாடியோட ஒட்டவே இல்ல, தனியா ஒரு ஷீட்டா பிரிஞ்சு வந்துச்சு. பாதுகாப்புக் கண்ணாடின்னு பார்த்தா தோல்வி. ஆனா பிரிஞ்சு வந்த அந்த ஷீட்டே கண்ணாடி மாதிரி தெளிவா, கெட்டியா இருந்துச்சு. கதைல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா முப்பது வருஷம் அந்த பொருளையே பார்த்துட்டு இருந்தவங்களுக்குத்தான் கைல இருக்கறது என்னன்னு அந்த நிமிஷமே தெரியும். 1933-ல ப்ளெக்ஸிகிளாஸ்ங்கற பேரை பதிவு பண்ணாங்க, 1937 பாரிஸ் உலகக் கண்காட்சில அதுக்கு விருதும் கெடைச்சுச்சு. அதே சமயம் இங்கிலாந்துல ஐசிஐ கம்பெனியும் தனியா இதே பொருளுக்கு வந்து பெர்ஸ்பெக்ஸ்னு வித்துச்சு, மோனோமரை மலிவா செய்யற வழி அங்க இருந்த ஜான் க்ராஃபோர்டோடது.

அக்ரிலேட் மெத்துன்னு இருக்கு, மெத்தாக்ரிலேட் ஏன் கெட்டியா இருக்கு? மெத்தாக்ரிலேட் சங்கிலில ஒவ்வொரு கண்ணிலயும் ஒரு சின்ன கிளை கூடுதலா நீட்டிட்டு இருக்கும், அதனால ஒரு சங்கிலி இன்னொண்ணு மேல சறுக்க முடியாம முட்டிக்கும். தெளிவா இருக்கறதுக்கு காரணம் சங்கிலிங்க ஒழுங்கா அடுக்காம கலைஞ்சு கெடக்கறதுதான், அடுக்கினா படிகம் உண்டாகி வெளிச்சத்தை சிதறடிச்சு வெள்ளையா தெரியும். விழற வெளிச்சத்துல 92 சதவீதத்தை உள்ள விடும், எடை கண்ணாடில பாதிக்கும் கம்மி, வெயில்ல வருஷக்கணக்குல வச்சாலும் சீக்கிரம் மஞ்சளாகாது. 1972 மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியத்தோட கூரை இதுதான், ஜப்பான்ல ஒகினாவா மீன் காட்சியகத்துல 60 சென்டிமீட்டர் தடிமனுக்கு இதுலதான் சுவர் நிக்குது. குறையும் உண்டு, சீக்கிரம் கீறல் விழும், 100 டிகிரி தாண்டினா தொய்ஞ்சிடும், ஓங்கி அடிச்சா உடையும். குண்டு துளைக்காத ஷீட், ஹெல்மெட் கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் பாலிகார்பனேட், அது வேற பாலிமர்.

சுருக்கமா, 1901-ல எடுத்த தலைப்பு, 1928-ல முதல் நல்ல சரக்கு, 1933-ல ஷீட். நடுவுல தூக்கிப் பிடிச்சது என்சைம் லாபம்.

அப்போ எல்லா அக்ரிலிக்கும் ஒண்ணா?

ஒரே குடும்பம், வேற வேற ஆளுங்க. போர்டு ஷீட்டும் பல்செட்டும் மெத்தில் மெத்தாக்ரிலேட் பாலிமர். சுவர் பெயிண்ட்ல இருக்கறது அக்ரிலேட் பாலிமரோட நுண்ணிய துளிங்க தண்ணில மிதக்கறது, தண்ணி காய்ஞ்சதும் துளிங்க ஒட்டி ஒரே படலமாகும். ஸ்வெட்டர் நூல் அக்ரிலோநைட்ரில்ங்கற வேற மோனோமர்ல வந்தது. குழந்தை டயாபர்ல ஈரத்தை உறிஞ்சற பவுடர், ரோஹ்ம் 1901-ல ஆராய்ச்சி பண்ணாரே அந்த அக்ரிலிக் அமிலத்தோட சோடியம் உப்பு பாலிமர். அதனால அக்ரிலிக் நல்லதா கெட்டதான்னு மொத்தமா கேட்டா பதில் கெடையாது, எந்த அக்ரிலிக்னு கேக்கணும்.

போரும் கண் லென்ஸும்

ஒண்ணை மறைக்காம சொல்லணும். ப்ளெக்ஸிகிளாஸ் அவ்வளவு வேகமா வளர்ந்ததுக்கு பெரிய காரணம் ஹிட்லர் ஆட்சில நடந்த ஆயுதப் பெருக்கம். போர் விமானத்துல பைலட் தலைக்கு மேல இருக்கற வளைஞ்ச கண்ணாடிக் கூடுக்கு இதை விட்டா அப்போ வேற நல்ல பொருள் இல்ல, எதிர்ப்பக்கம் இங்கிலாந்து விமானங்கள்லயும் பெர்ஸ்பெக்ஸ்தான். ரோஹ்ம் 1939 செப்டம்பர்ல, போர் தொடங்கின அதே மாசம், பெர்லின்ல இறந்துட்டாரு.

அந்த போர்ல விமானக் கூடு உடைஞ்சு பிரிட்டிஷ் பைலட்டுங்க கண்ணுக்குள்ள பெர்ஸ்பெக்ஸ் சில்லு போய் தங்கிடுச்சு. ஹெரால்ட் ரிட்லிங்கற கண் டாக்டர் கவனிச்சது என்னன்னா, சாதாரணமா கண்ணுக்குள்ள அந்நியப் பொருள் போனா கண்ணு செவந்து வீங்கி எதிர்க்கும், இந்த சில்லை மட்டும் கண்ணு அப்படி எதிர்க்கல. 1949 நவம்பர்ல லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரில கண்புரை எடுத்த ஒரு நோயாளிக்கு இதே பொருள்ல செஞ்ச லென்ஸை கண்ணுக்குள்ள வச்சாரு. மத்த டாக்டருங்க பல வருஷம் எதிர்த்தாங்க, அப்புறம் உலகம் பூரா அதுவே வழக்கமாச்சு.

நம்ம பக்கம் இதுல பெரிய பங்கு இருக்கு. வெளிநாட்டு லென்ஸ் விலை சாதாரண ஆளுக்கு எட்டாத காலத்துல அரவிந்த் கண் மருத்துவமனை 1992-ல மதுரைல ஆரோலேப் ஆரம்பிச்சு லென்ஸை இங்கேயே செய்ய தொடங்குச்சு, ஆரம்பத்துல செஞ்சது இந்த கெட்டியான பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் லென்ஸ்தான், அதோட விலை விழுந்துச்சு. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு அந்த காலத்துல கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தா உள்ள இருக்கறது பெரும்பாலும் இந்த பொருள்தான். இப்ப மடிச்சு உள்ள வைக்கற மெதுவான லென்ஸ் வந்துடுச்சு, அதுலயும் பல ரகம் அக்ரிலிக் குடும்பம்.

கடைசியா ஒரு சந்தேகம்: இது மக்குமா?

மக்காது. ஆனா மத்த பிளாஸ்டிக்ல அவ்வளவு சுலபமா முடியாத ஒண்ணு இதுல முடியும். காத்து படாம 350, 400 டிகிரிக்கு சூடு பண்ணா சங்கிலி நுனில இருந்து ஒவ்வொரு கண்ணியா கழண்டு மறுபடி மோனோமராவே ஆவியா வந்துடும், அதை குளிர வச்சு சுத்தம் பண்ணி திரும்ப ஷீட் ஊத்தலாம். லேசர்ல அக்ரிலிக் வெட்டற கடைல வர்ற அந்த காட்டமான வாசனை, பல்செட் லேப்ல வர்ற அதே மோனோமர் வாசனைதான், வெட்டற இடத்துல சங்கிலி கழண்டுட்டு இருக்கு. அதனால அங்க வேலை பாக்கறவங்க எக்ஸாஸ்ட் ஃபேனை போட்டுட்டு வேலை பாருங்க, வெட்டின துண்டை பாலிகார்பனேட்டோட கலக்காம தனியா சேர்த்து வச்சா ஸ்கிராப்காரர் நல்ல விலைக்கு எடுத்துப்பாரு.